மலைச்சரிவில் சுமையும் முதுகும்

(நீலகிரி மாவட்டத்தில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், கடன், சாலை, குடிநீர் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே வட்டார வளர்ச்சி அலுவலகத்தார் மேடை ஏறுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. உழைக்கும் உடம்பை எவ்வாறு நிறுத்துவது, எவ்வாறு வளைப்பது, சுமையை எவ்வாறு எடுப்பது, சரிவில் எவ்வாறு ஏறி இறங்குவது என்பதே அப்பொருள். இதற்கும் கிராம முன்னேற்றத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கக்கூடும். ஏர் பழுதானால் கொல்லரிடம் கொண்டு செல்கிறோம்; மருந்து தெளிக்கும் கருவி பழுதானால் கடைக்குக் கொண்டு செல்கிறோம். குறுக்கு வலி வந்தால் மட்டும் தைலத்தைத் தடவிக்கொண்டு மறுநாளும் அதே விதமாகக் குனிந்து அதே மூட்டையைத் தூக்குகிறோம். ஒரு நாள் எழுந்திருக்கவே முடியாமற் போகிறது. அன்றைய கூலி போயிற்று. பறிக்க வேண்டிய கொழுந்து முற்றிப் போயிற்று. வீட்டில் உலை வைக்கவும் ஆள் இல்லை.

இது நம் மலையில் மட்டும் உள்ள தொல்லையன்று. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் பேர் இடுப்பு முதுகு வலியால் துன்புற்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மனிதரை வேலை செய்ய இயலாதபடி ஆக்கும் காரணங்களில் இதுவே முதலிடம் பெறுகிறது. ஆயினும் சமவெளியில் உள்ளவனுக்கு ஒரு பங்கு என்றால், 25 கிலோ இலையை முதுகில் ஏற்றிக்கொண்டு செங்குத்தான தடத்தில் ஏறும் நம் சகோதரிக்கு அது இரு பங்கு என்பதை நேரில் காண்பவர் எவரும் மறுக்கமாட்டார்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். நல்ல நிலை என்றவுடன், போலீஸ் அணிவகுப்பில் நிற்பதைப் போல நெஞ்சை நிமிர்த்தி, முதுகை விறைத்து நிற்பதே நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுவே. இன்றைய மருத்துவ அறிவு அவ்வாறு கூறவில்லை. எல்லோருக்கும் எல்லா நேரத்திற்கும் பொருந்தும் சரியான நிலை என்று ஒன்று இல்லை. எவ்வளவு நல்ல நிலையாயினும் நெடுநேரம் அசையாமல் அதிலேயே இருந்தால் தசைகள் களைக்கின்றன. நிலையை அடிக்கடி மாற்றுவதே உடம்புக்கு இதமானது. காலையிலிருந்து நண்பகல் வரை ஒரே விதமாகக் குனிந்து களை எடுப்பவளுக்கும், மேசையின் முன் ஒரே விதமாக அமர்ந்து கோப்புப் பார்க்கும் எழுத்தருக்கும் வரும் வலி ஒன்றேதான். எழுத்தருக்காவது நாற்காலி உண்டு.

நம் முன்னோர் தரையில் அமர்ந்து உண்டனர்; குந்தி அமர்ந்து பேசினர்; பாயிலிருந்து கையூன்றாமல் எழுந்தனர். இந்த மலையிலுள்ள தோடர் மந்துகளில் அவர்களுடைய பழைய வளைகூரை வீடுகளைக் கண்டிருப்பீர்கள். வாயில் மிகச் சிறியது. தவழ்ந்துதான் உள்ளே நுழைய வேண்டும். பெரியவர்களும் அவ்வாயிலில்தான் நுழைந்தார்கள். இடுப்பும் முழங்காலும் மடங்கும் பழக்கம் விட்டுப் போகாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நமக்குத் தோன்றுகிறது. இன்று நாற்பது வயதில் தரையில் அமரத் தயங்குவோர் நம் அலுவலகங்களிலேயே பலர் இருக்கின்றனர்.

இனிச் சுமையைத் தூக்கும் முறைக்கு வருவோம். கடப்பாரையால் கல்லைப் பெயர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிடி எவ்வளவு தொலைவில் உள்ளதோ அவ்வளவுக்கு விசை பெருகுகிறது. நம் இடுப்பு முதுகு எலும்பும் அவ்வாறே. முழங்காலை மடக்காமல், இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து, கையை நீட்டி மூட்டையைத் தூக்கினால், மூட்டையின் பாரத்தோடு நம் மேலுடம்பின் பாரமும் சேர்ந்து ஒரு நீண்ட கடப்பாரையைப் போல அடி முதுகை அழுத்துகிறது. எலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற வட்டுகள் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியுள்ளது. சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் இவ்வட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை நேரடியாகவே அளந்தார். நிமிர்ந்து நிற்கும்போது இருப்பதைவிடக் குனிந்து சுமை ஏந்தும்போது அழுத்தம் பன்மடங்கு ஏறுவதை அவர் கண்டார்.

அமெரிக்க நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த ஒரு கணக்கு உண்டு. எல்லா வசதியும் பொருந்திய நிலையில், உடம்பை ஒட்டிப் பிடித்துத் தூக்கக்கூடிய சுமை 23 கிலோ என்று அது வரையறுக்கிறது. அதே சுமை உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அந்த அளவு பாதியாகக் குறைந்துவிடுகிறது. உடம்பைத் திருகிக்கொண்டு தூக்கினால் இன்னும் குறைகிறது. நம் நாட்டில் 23 கிலோ மூட்டையை யார் கண்டார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். சிமெண்டு மூட்டை 50 கிலோ. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் உருளைக்கிழங்கு மூட்டை 45 கிலோ. யூரியா மூட்டை 50 கிலோவாக இருந்து 2018-இல்தான் 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது; அதுவும் உரச் செலவைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்டதே அன்றி நம் முதுகை எண்ணிச் செய்யப்பட்டதன்று. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1967-இல் வெளியிட்ட பரிந்துரை, ஓர் ஆண் தனியே சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்றும், பெண்களுக்கு அது கணிசமாகக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. 55 என்பது எல்லைக்கோடு. அதுவரை சுமந்தால் தீங்கில்லை என்று பொருள் கொள்ளலாகாது.

ஆகவே மூட்டையை இருவராகத் தூக்குங்கள். தனியே தூக்கியே ஆக வேண்டுமென்றால், கால்களை அகட்டி, ஒரு கால் சற்று முன்னே இருக்க, மூட்டையை இரு பாதங்களுக்கிடையே கொண்டு வந்து, இடுப்பையும் முழங்காலையும் சேர்த்து மடக்கி, மூட்டையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கால் வலுவால் எழ வேண்டும். திரும்ப வேண்டுமாயின் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பாதம் ஓரிடத்தில் இருக்க இடுப்பை மட்டும் திருகி லாரியில் எறிவதே முதுகுப் பிடிப்புக்கு நேர்வழி. காலைப் பனியில், அதிலும் மார்கழி தை மாதங்களில் உறைபனி விழும் நாட்களில், வீட்டை விட்டு வந்தவுடன் முதல் வேலையாகப் பெரிய மூட்டையில் கை வைக்காதீர்கள். கால் மணி நேரம் இலகுவான வேலை செய்து உடம்பு சூடேறிய பின் தூக்கலாம்.

தேயிலைக்கு வருவோம். நம் மாவட்டத்தில் பெரிய எஸ்டேட்டுகள் ஒருபுறமிருக்க, ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்துள்ள சிறு விவசாயிகள் ஆயிரமாயிரம் பேர் இருக்கின்றனர். 1962-இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தோன்றிய பின் அவர்களுடைய இலைக்கு ஒரு புகலிடம் கிடைத்தது. ஆனால் செடியிலிருந்து சாலை வரை இலை வந்து சேர்வது இன்றும் மனித முதுகில்தான்.

கொழுந்து பறிப்பதில் மூன்று செய்திகள் முக்கியம். முதலாவது செடியின் உயரம். கவாத்துச் செய்த பின் ஆண்டுக்கு ஆண்டு செடி உயர்கிறது. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்துச் செய்ய வேண்டும் என்பதை விளைச்சலுக்காகவே சொல்கிறோம். கவாத்தைத் தள்ளிப்போட்டால் பறிப்பவளுடைய கை நெஞ்சளவுக்கு மேலே நாள் முழுதும் தூக்கியபடி இருக்க நேர்கிறது. தோளும் கழுத்தும் அதற்கு வட்டி கட்டுகின்றன. கத்தரி கொண்டு வெட்டும்போது இத்துன்பம் இன்னும் மிகும். கத்தரியின் பாரமும் கையில் அல்லவா இருக்கிறது! செடியின் மேல்மட்டம் இடுப்பளவில் இருந்தால் முழங்கை உடம்பை ஒட்டி இருக்கும். தோட்டத்துக்குக் கவாத்துக் கணக்குப் போடும் விவசாயி இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நிற்கும் விதம். சரிவில் மேட்டை நோக்கி நின்று பறித்தால் உடம்பு நிலைகொள்ளும். பள்ளத்தை நோக்கி நின்று எட்டிப் பறிப்பதில் வழுக்கும் ஆபத்தும் உண்டு, முதுகும் வளையும். இரு பாதங்களும் ஒரே மட்டத்தில் நிற்க இடமில்லாதபோது மேட்டுக்காலை மடக்கி, பள்ளத்துக்காலை நீட்டி நிற்க வேண்டும். சிறிது நேரத்தில் இடம் மாறி மறு காலுக்கு ஓய்வு தர வேண்டும். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு மழையில் நனைந்து கனத்துவிட்டால் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பறித்த இலையைச் சுமப்பது. 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அரசு தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தன. அவ்வீட்டு மூதாட்டிகள் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுப் பறித்த காலத்தை நினைவு கூர்வார்கள். அம்முறையில் பாரம் முதுகெலும்பின் நேர்கோட்டில் இறங்கிற்று. இன்று பலர் நைலான் பையை ஒரு தோளில் மட்டும் மாட்டுகின்றனர். பை நிறைய நிறைய உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வைச் சரிக்கட்ட முதுகுத் தசை நாள் முழுதும் இழுத்துப் பிடிக்கிறது. பழைய கூடைக்குத் திரும்புங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பைக்கு இரண்டு தோள்பட்டைகள் தைத்துக்கொள்ள எவ்வளவு செலவாகும்? பை முழுதும் நிறையும்வரை காத்திராமல் பாதியில் கொட்டிவிட்டு வருவதும் நல்லது. நடை கூடும் என்பது உண்மையே. ஆனால் தோட்டத்தின் நடுவே ஒரு சாக்கு விரிப்பு வைத்தால் நடை அவ்வளவு கூடாது.

இலை எடைபோடும் கொட்டகையை எடுத்துக்கொள்ளுங்கள். தராசு தரையில் இருக்கிறது. முதுகிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, தரையிலிருந்து தூக்கித் தராசில் வைத்து, தராசிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, மீண்டும் தூக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். ஒரு மூட்டைக்கு எத்தனை குனிவு என்று எண்ணிப் பாருங்கள். இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமெண்டுத் திண்ணை கட்டி அதன் மேல் தராசை வைத்தால், முதுகை அதன் பக்கமாகத் திருப்பி மூட்டையை நேரே திண்ணையில் இறக்கலாம். அங்கிருந்து தள்ளியே தராசுக்கும் லாரிக்கும் கொண்டு போகலாம். ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை.

காய்கறி விவசாயிகள் மன்னிக்க வேண்டும், உங்களை மறந்துவிடவில்லை. கேரட், பீட்ரூட், பூண்டு, உருளை ஆகியவற்றுக்கு மண்ணைக் கொத்துவதும் களை எடுப்பதும் குனிந்தே செய்யும் வேலைகள். இதில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்த ஒரு வரலாற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அங்குச் சாலினாஸ் பள்ளத்தாக்கு முதலான இடங்களில் கீரை வகைகளையும் சர்க்கரைக்கிழங்கையும் பயிரிடும் பெரும் பண்ணைகள், ஏறக்குறைய இரண்டடி நீளமே உள்ள குட்டைக் கைப்பிடிக் கொத்துகளைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்து வந்தன. அதைக் கொண்டு வேலை செய்ய வேண்டுமானால் நாள் முழுதும் இரண்டாக மடிந்து குனிந்திருக்க வேண்டும். நீளக் கைப்பிடி கொடுத்தால் தொழிலாளி பயிரை வெட்டிவிடுவான் என்று பண்ணையார்கள் வாதிட்டனர். கங்காணிக்கும் ஒரு வசதி இருந்தது; நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்று தொலைவிலிருந்தே தெரிந்துகொள்ளலாம் அல்லவா! தொழிலாளர் தலைவர் செசார் சாவேஸ் தம் முதுகு வலிக்கு இளமையில் இக்கொத்தைப் பிடித்ததே காரணம் என்று கூறினார். வழக்கு அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்று, 1975-இல் குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. பயிர் அழியவில்லை, பண்ணைகளும் மூடப்படவில்லை. தொழிலாளர்கள் நிமிர்ந்தே வேலை செய்தார்கள்.

நம் வீட்டு மூலையில் உள்ள கொத்தின் காம்பு எவ்வளவு நீளம்? வாங்கியபோது இருந்த காம்பு முறிந்து, முறிந்த துண்டையே செருகிப் பல ஆண்டுகள் ஓட்டுகிறோம். சரிவான நிலத்தில் மேட்டைப் பார்த்துக் கொத்தும்போது மண் சற்று அருகே வருவதால் சமவெளியில் தேவைப்படும் அளவு நீளம் வேண்டாம் என்பது சரியே. ஆனால் அவரவர் உயரத்துக்கு ஏற்ற காம்பு வேண்டும். கணவன் உயரத்துக்குச் செய்த கொத்தை மனைவியும், மனைவிக்குப் பொருந்துவதைக் கணவனும் பயன்படுத்துவதில் சிக்கனம் ஏதுமில்லை. மிக நெருங்கிய பயிரில் களை பறிக்க, குந்தி அமர்வதும், ஒரு முழங்காலைச் சாக்கின் மேல் ஊன்றுவதும், சிறு பலகையில் அமர்வதுமாக முறை மாற்றி முறை மாற்றிச் செய்யலாம். ஒரு பாத்தி முடிந்ததும் எழுந்து, இடுப்பில் கைவைத்து இரண்டு மூன்று முறை பின்னே வளையுங்கள். யாரும் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது நடைபாதை; இது முழுக்க ஊராட்சியின் பொறுப்பு. நம் ஹட்டிகளிலும் எஸ்டேட் லயன்களிலும் சாலைக்கும் வீட்டுக்கும் இடையே படிக்கட்டுத் தடங்களே உள்ளன. ஒரு படி ஆறு அங்குலம், அடுத்தது பத்து அங்குலம், அதற்கடுத்தது எட்டு என்று ஒப்பந்தக்காரருக்குக் கல் கிடைத்த விதத்தில் படி அமைந்துவிடுகிறது. பழகிய கால் அடுத்த படியையும் முந்திய படியின் உயரத்தில்தான் தேடுகிறது, மாறினால் தடுமாறுகிறது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளாந்தெல் 1675-ஆம் ஆண்டளவில் கூறிய விதி இன்றும் பொறியாளர்களுக்குப் பயன்படுகிறது. படியின் உயரத்தை இரு மடங்காக்கி அதனோடு படியின் அகலத்தைக் கூட்டினால், வருவது ஒரு மனித அடிவைப்பின் நீளமாக, அதாவது 24 அல்லது 25 அங்குலமாக இருத்தல் வேண்டும். ஆறங்குல உயரமும் பன்னிரண்டங்குல அகலமும் வைத்தால் கணக்குச் சரி. பத்தங்குல உயரமும் ஒன்பதங்குல அகலமும் வைத்தால் 29 வருகிறது. அந்தப் படியில் சுமையோடு இறங்கும் முழங்காலைக் கேட்டால் கணக்கைச் சொல்லும். ஏறுவதைவிட இறங்குவதிலேயே முழங்காலுக்குப் பாரம் அதிகம் என்பதை மலைவாசிகளுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை.

முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் சாய்வுப் பாதை அமைக்கும்போது 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறலாகாது என்பது விதி. வேடிக்கை என்னவென்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நம் மலை இரயிலின் மிகச் செங்குத்தான ஏற்றமும் ஏறக்குறைய அதே 12-க்கு 1 தான். அதற்கே பல்சக்கரமும் பல் இருப்புப்பாதையும் போட்டார்கள். நம் ஊர்களில் சாய்வுப் பாதை என்ற பெயரில் 4 அடிக்கு 1 அடி ஏறும் சிமெண்டுச் சறுக்கு மரங்கள் கட்டப்படுவதைப் பார்க்கும்போது, அந்த இரயிலை வடிவமைத்தவர்களை அழைத்து வரலாமா என்று தோன்றுகிறது. படித்தடத்தில் ஒரு பக்கமேனும் இரும்புக் கைப்பிடி இருத்தல் வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளின் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பையின் பாரம் பிள்ளையின் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்று மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட கொள்கை கூறுகிறது. சென்னை உயர் நீதிமன்றமும் 2018-இல் பைச் சுமையைக் குறைக்குமாறு உத்தரவிட்டது. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. ஊராட்சி உறுப்பினர்கள் ஒரு நாள் காலை இலைத் தராசைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று நிறுத்துப் பார்க்கலாம்.

வலி வந்துவிட்டால் என்ன செய்வது? முன்பு வாரக்கணக்கில் படுத்திருக்கச் சொன்னார்கள். இன்று மருத்துவர்கள் அவ்வாறு சொல்வதில்லை. பெரும்பாலான குறுக்கு வலி சில வாரங்களில் தானே தணிகிறது. பாரம் தூக்காமல், இயன்ற அளவு நடந்து, அன்றாடச் சிறு வேலைகளைச் செய்து வருவதே விரைவில் குணம் தருகிறது. சுளுக்கு எடுப்பவரிடம் சென்று முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது வேண்டாம். ஆனால் சில அறிகுறிகள் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது: கால் வலுவிழந்து இழுத்தல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் அடைபடுதல், வலியோடு காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், உயரத்திலிருந்து விழுந்த பின் வரும் வலி. இவற்றில் எதைக் கண்டாலும் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டுள்ளது. நடமாட இயலாதவர் உங்கள் ஊரில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

இறுதியாக, ஒரு பழைய ஏற்பாட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். சமவெளிச் சாலைகளின் ஓரத்தில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதுவே சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை அதன் மேல் தள்ளி இளைப்பாறி, மீண்டும் தலைக்கு மாற்றிக்கொண்டு போகலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கமும் நம் நாட்டில் இருந்தது. பக்கத்துக் கேரளத்தில் அதற்கு அத்தாணி என்று பெயர். கூடலூர் அன்பர்கள் அறிவார்கள். நேபாள நாட்டில் மலைவழிகளில் அரச மரத்தைச் சுற்றி இடுப்பளவுக் கல் திண்ணை கட்டி வைப்பார்கள். அது முதுகுச் சுமைக்கு ஏற்றது. அந்நாட்டுச் சுமைகூலிகளைப் பற்றி 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 விழுக்காடும் பெண்கள் 66 விழுக்காடும் சுமந்தது தெரியவந்தது. அவர்கள் நெற்றிப்பட்டையால் சுமக்கிறார்கள், மெதுவாக நடக்கிறார்கள், அடிக்கடி நின்று ஓய்வெடுக்கிறார்கள். சுமையை முழுதும் கீழே இறக்குவதில்லை. கைத்தடியின் மேலோ திண்ணையின் மேலோ பாரத்தைத் தாங்க வைத்து நின்றபடியே மூச்சு வாங்குகிறார்கள். தரையில் இறக்கினால் திரும்பத் தூக்குவதில்தான் முதுகு போகிறது என்பதை அவர்கள் அறிவார்கள்.

நம் மலைத்தடங்களில் இப்படிப்பட்ட திண்ணைகள் எத்தனை உள்ளன? அடுத்த கிராம சபையில் இதை ஒரு பொருளாக வையுங்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து சாலைக்கு ஏறும் தடங்களில், ஏற்றம் கடுமையாகும் திருப்பங்களில் இடம் பார்க்கலாம். இலைப்பையும் மூட்டையும் முதுகில் வரும் தடத்துக்கு இடுப்பளவுத் திண்ணை போதும். விறகும் புல்லுக்கட்டும் தலையில் வரும் தடத்துக்குத் தோளளவுக் கல் வேண்டும். மழையில் நீர் தேங்காதபடி மேற்பரப்பு சிறிது வெளிப்புறம் சரிந்திருக்கட்டும். பாசி பிடித்து வழுக்காதபடி அடியில் சரளை பரப்பட்டும். உயரத்தை மேற்பார்வையாளரின் காகிதத்தில் எழுதுவதற்கு முன், அத்தடத்தில் நாள்தோறும் சுமையோடு போகும் ஐந்தாறு பெண்களை அழைத்து நிற்கச் செய்து, அவர்கள் உயரத்துக்கு அளவெடுத்துக்கொள்ளுங்கள்.